குமிழி ஏன் நின்றது?

மீன்தொட்டி இல்லாத வீட்டைத் தோட்டத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் நிலைமை அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் பிள்ளைகள் கால்வாயில் பிடித்த சண்டை மீனைப் பழைய ஊறுகாய்ப் போத்தலில் போட்டுச் சன்னலோரம் வைப்பார்கள், அதோடு சரி. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லோரும் வீட்டோடு அடைந்து கிடந்தோமே, அந்த நாட்களில்தான் எங்கள் செபராங் பிறைப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் பச்சைப் பசேலென்று செடி, செடிக்கு வாயு விடும் தோம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன.

வந்தது தவறில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பிள்ளை தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டுமே! ஆனால் தோம்பு, ரெகுலேட்டர், குழாய் என்று முழுச் சாதனமும் வாங்கிச் சேர்க்கச் சில நூறு வெள்ளி ஆகிறது. அப்பா ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த காசு அது. ஒரு நாள் காலையில் குமிழி நின்றுவிட்டால், பையனைக் கூட்டிக்கொண்டு பெர்ரியிலோ பாலத்திலோ ஜோர்ஜ் டவுனுக்குப் போகிறார்கள். "இது போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று சொல்லும் கடைக்காரரும் உண்டு. பெரும்பாலும் போயிருப்பது ஒரு சின்ன வாஷராக இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

செடிக்கு எதற்கு வாயு?

சோடா குடிக்கிறோம் அல்லவா, அதில் பொங்கி வருவது கரியமில வாயு. தண்ணீரில் அதை ஏற்றும் வழியை 1772-இல் எழுதி வெளியிட்டவர் ஆங்கிலேயரான ஜோசப் பிரீஸ்ட்லி. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாக் கிளையை வைத்துப் பார்த்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடியும் எரிந்தது. 1779-இல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், வெயில் படும்போது மட்டும், பச்சைப் பாகம் மட்டும் இந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். தண்ணீருக்குள் இலைகளை அமிழ்த்தி, அவை விடும் பிராண வாயுக் குமிழிகளைப் பார்த்துத்தான் அவர் அதைக் கண்டார். இருட்டில் செடியும் நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்பதும் அவர் கண்டதுதான். இந்தக் கடைசிச் சங்கதியை நினைவில் வையுங்கள். இரவில் மீன் சாகிற கதை இதில்தான் தொடங்குகிறது.

காற்றோடு சும்மா கலந்து நிற்கும் தண்ணீரில், நம் ஊர்ச் சூட்டில், லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் கரியமில வாயு தங்கும். அடர்ந்து வளரும் தொட்டிச் செடிக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை வைக்கிறார்கள். அப்படியானால் காட்டு ஓடையில் மட்டும் எப்படி வளர்கிறது என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி! தண்ணீர்மலையில் இறங்கி வருகிற ஓடையைப் போன்றவற்றை எண்ணிப் பாருங்கள். காட்டு மண்ணில் அழுகும் இலையிலிருந்து வாயு எழும்; மண்ணுக்குள் ஊறி வரும் நீர் அதை வாரிக்கொண்டு வரும். வீட்டுத் தொட்டிக்குக் காடு கிடையாது, ஆகவே தோம்பு. இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜப்பானியரான தாகாஷி அமானோ. 1954-இல் பிறந்து 2015-இல் மறைந்த அவர், 1982-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

வாயு போகிற பாதை

பால் மரத்தில் வெட்டிலிருந்து மங்கு வரைக்கும் பால் எப்படி இறங்குகிறது என்று நமக்குத் தெரியும். பால் வராவிட்டால் மங்கை மாற்றுவோமா? வெட்டிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம். இதுவும் அப்படித்தான். தோம்பு, அதன் வாயில் ரெகுலேட்டர், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு, அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு, குமிழி எண்ணும் சிறு குழாய், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு, கடைசியில் தொட்டிக்குள் வாயுவைப் பொடிக் குமிழியாக்கும் டிஃப்யூசர். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் எங்கே நின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணும் குழாயில் குமிழி ஓடி, தொட்டிக்குள் வரவில்லையென்றால் தொல்லை அதற்கு அப்பால். எண்ணும் குழாயிலேயே ஓடவில்லையென்றால் அதற்கு முன்னால். பாதி வேலை இதிலேயே முடிந்தது.

முதலில் தோம்பு. இங்கேதான் வெளிநாட்டார் எழுதியதைப் படித்து நம் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். "முள் இறங்கத் தொடங்கினால் வாயு தீரப் போகிறது" என்று அங்கே எழுதுகிறார்கள். தோம்புக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். திரவம் ஒரு சொட்டு இருக்கும் வரைக்கும், தோம்பு முக்கால் இருந்தாலும் அரை இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். முள்ளை நிறுத்தி வைப்பது சூடுதான். 20 பாகைக் குளிரில் சுமார் 57 பார், 30 பாகையில் சுமார் 72 பார். கரியமில வாயுவுக்கு 31 பாகை ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே தனியாக இராது. பினாங்கில் பிற்பகல் வெயில் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது! அதனால் நம் வீட்டில், தோம்பில் ஏறக்குறையப் பாதி இருக்கும்போதே முள் மெல்ல இறங்க ஆரம்பித்துவிடும். புதிதாக நிரப்பிய தோம்பில் பிற்பகலில் 72-க்கும் மேலே ஏறி நிற்கும், விடியற்காலைக் குளிரில் இறங்கியிருக்கும். கசிகிறது என்று பயந்து ஸ்பேனரைத் தூக்க வேண்டாம்.

உண்மையைச் சொல்வது தராசு ஒன்றுதான். வெறும் தோம்பின் எடை அதன் கழுத்தருகே பொறித்திருக்கும். நிரப்பி வந்த அன்றே நிறுத்து ஒரு தாளில் எழுதித் தோம்பில் ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை நிறுத்தால் எத்தனை கிராம் போகிறது என்று கணக்கு வந்துவிடும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கழித்தல் கணக்கு கிடைக்காது.

கசிவு

குமிழி ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் மூன்று மாதம் வர வேண்டிய வாயு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. இது கசிவு. தோம்பும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் வாஷர் ஒரு முறை நசுங்கினால் அடுத்த முறை சரியாகப் படியாது; ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் புதிது போடுங்கள். தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவை இந்த மரையில் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயனில்லை, இங்கே அடைப்பது வாஷர்தானே தவிர மரை அன்று.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்பஞ்சால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். மெல்லிய கசிவில் நுரை உடனே வராது. வெள்ளைக் கடுகு போல மெதுவாகச் சேரும். இன்னொரு வழியும் உண்டு. நீடில் வால்வை மூடிவிட்டு, தோம்பைத் திறந்து, முள் ஏறியதும் தோம்பை மறுபடி மூடிவிடுங்கள். சில மணி நேரத்தில் முள் சுழியத்துக்குப் போய்விட்டால் இடையில் எங்கோ ஓட்டை இருக்கிறது. சிலிக்கோன் குழாய் வாயுவைத் தன் உடம்பு வழியாகவே கசிய விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரியமில வாயுவுக்கென்று விற்கும் விறைப்பான குழாயே நல்லது.

இப்போது பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சமையல் வாயுவில் நாற்றம் கலந்து தருகிறார்கள். கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தங்கும். 1986 ஆகஸ்டு 21-ஆம் தேதி இரவு, ஆப்பிரிக்காவில் கமரூன் நாட்டின் நியோஸ் ஏரி, அடியில் சேர்ந்திருந்த இந்த வாயுவைக் கக்கியபோது, பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேர் மாண்டார்கள். நம் பக்கத்தில் பழங்கிணற்றில் இறங்கியவர்கள் திரும்பாமற் போன கதைகளிலும் பலவற்றுக்குக் காரணம் இதுவே.

வீட்டுத் தோம்பு ஏரி ஆகாது, வாஸ்தவம். கணக்குப் போட்டே பார்ப்போம். 2 கிலோ வாயு வெளியே வந்தால் சுமார் 1,100 லிட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. முழுத் தோம்பும் ஒரேயடியாகத் திறந்துகொண்டால் அந்த அறைக் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஆகிவிடும். தொழிற்பாதுகாப்புத் துறையினர் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கும் அளவும் அந்த 4 பங்குதான். மெல்லக் கசிந்தால் காசுதான் நட்டம். பாதுகாப்புத் தகடு வெடித்து முழுவதும் வெளியேறினால் அது வேறு சமாச்சாரம். சன்னலைச் சாத்தி, குளிர்சாதனம் போட்டு, பிள்ளைகள் தரையில் பாய் விரித்துப் படுக்கிற அறையில் இந்தத் தோம்பு இருக்கவே கூடாது. கூடத்தில், காற்றோட்டமான மூலையில், நிமிர்த்தி வைத்துச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அதையும் கெடுக்கும். நிரப்பிய தோம்பை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் வெயிலில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். கார்ப் பூட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது அதைவிட மோசம்.

மின்சாரம் போன இரவு

இடிமழைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மின்சாரம் இரண்டு மணி நேரம் போய் வருகிறது என்று வையுங்கள். பல்லுச் சக்கரம் சுற்றுகிற டைமர் அந்த இரண்டு மணி நேரமும் நின்றுவிட்டு, பிறகு ஓடும். அதற்குத் தெரிந்த மணி இப்போது இரண்டு மணி பின்தங்கிவிட்டது. மாலை ஆறுக்கு நிற்க வேண்டிய வாயு எட்டு வரை ஓடும். விளக்கு வேறு டைமரில் இருந்தாலோ, கையால் அணைப்பதாக இருந்தாலோ, இருட்டில் செடியும் வாயு விடும், தோம்பும் வாயு விடும். மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, பையன் அழுகிறான், "தண்ணீர் சரியில்லை" என்று வீட்டில் பேச்சு. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது! மின்சாரம் போய் வந்தால் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பது போல டைமரையும் பாருங்கள். வாயு, விளக்குக்கு ஒரு மணி முன்னால் தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி முன்னால் நின்றால் போதும்.

சோலினாய்டு ஓடும்போது சூடாக இருப்பது இயல்பு. செருகியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், பிடுங்கியதும் ஒரு சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்தும், பிடுங்கிய பிறகு குமிழி நிற்காமல் ஓடினால் உள்ளே தூசு மாட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் மீதிக் குமிழி வரத்தான் செய்யும். அரை மணி கழித்தும் வந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சோலினாய்டை நம்பி இரவில் தூங்க வேண்டாம், தோம்பையே கையால் மூடுங்கள்.

கோலி சோடாவை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய போத்தல் அது. உள்ளிருக்கும் வாயு கோலியைத் தள்ளித் தானே அடைத்துக்கொள்ளும். செக் வால்வும் ஏறக்குறைய அதன் தம்பிதான், ஒரு பக்கம் விடும், மறு பக்கம் அடைக்கும். வாயு நின்ற இரவில், குழாயில் மிச்சமிருக்கும் வாயு தண்ணீரில் கரைய, அந்த வெற்றிடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறும். செக் வால்வு இல்லையென்றால் தண்ணீர் சோலினாய்டு வரை போய்த் துருப்பிடிக்க வைக்கும். அம்புக்குறி தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். பிளாஸ்டிக்கால் ஆனது சீக்கிரம் விறைத்துப்போகும், விலையும் மலிவு. மாற்றத் தயங்காதீர்கள்.

டிஃப்யூசர் அடைத்துக்கொண்டால் நீடில் வால்வை மேலும் மேலும் திறக்கிறார்கள். அழுத்தம் ஏறி ஏறிக் குழாய் பிடுங்கிக்கொண்டு போகும். வெள்ளைத் தட்டில் பாசி படர்ந்து நுண்துளை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். துணி வெளுக்கும் திரவத்தை நிறையத் தண்ணீரில் கலந்து அதில் ஒரு மணி ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் போக்கும் மருந்து கலந்த நீரில் மறுபடி ஊறவைத்துப் போடுங்கள். பல்துலக்கியால் தேய்க்க வேண்டாம். வெளுக்கும் திரவத்தோடு வினிகரைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், அந்தப் பக்கமே போகாதீர்கள். சுத்தம் செய்த பிறகும் தட்டின் ஒரே ஓரத்தில் பெரிய பெரிய குமிழியாக வந்தால் அந்த ஓரம் விண்டுபோயிருக்கிறது, அதற்கு மருந்தில்லை.

குமிழி ஓடியும் செடி வாடினால்

இது வேறு வகை. வாயு வருகிறது, தண்ணீரில் தங்கவில்லை. வடிகட்டியின் நீர் அருவி போல் விழுந்து மேற்பரப்பைக் கலக்கினால் வாயு அத்தனையும் காற்றோடு போய்விடும். டிஃப்யூசரைத் தொட்டியின் அடியில், நீரோட்டம் குமிழியைத் தள்ளிக்கொண்டு போகும் இடத்தில் வையுங்கள். மேற்பரப்பு லேசாக அசைந்தால் போதும்.

தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, கடையில் டிராப் செக்கர் என்று ஒரு சிறு கண்ணாடிக் குடுவை விற்கிறார்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் அநேகம். கூடாது. அளந்து கலந்த 4 பாகைக் கரைசலைத்தான் ஊற்ற வேண்டும். தவிரவும், அது ஒன்றிரண்டு மணி தாமதமாகத்தான் நிறம் மாறும். இப்போது திறந்துவிட்டு இப்போதே நிறம் பார்த்து மேலும் திறந்தால், நிறம் மாறும் நேரத்தில் மீன் மிதக்கும். காரத்தன்மையையும் அமிலத்தையும் வைத்துப் பட்டியலில் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் நம்மவர்கள் சண்டை மீனுக்காகக் கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, ஊறப்போடுகிறார்களே, அந்த இலையும் அமிலம் விடும். அப்போது பட்டியல் இல்லாத வாயுவை இருப்பதாகச் சொல்லும்.

மீன் மேலே வந்து திணறினால் வாயுவை நிறுத்தி, காற்றுப் பம்பை முழுதாகத் திறந்து, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். சண்டை மீன் மட்டும் விதிவிலக்கு. சுகமாக இருக்கும்போதும் மேலே வந்து காற்றுக் குடிப்பது அதன் சுபாவம். அதைப் பார்த்து முடிவு செய்யாமல் கூட இருக்கும் மீனைப் பாருங்கள். சண்டை மீன் என்றதும் ஒன்று. பெட்டா புக்னாக்ஸ் என்ற இனத்தை உலகுக்கு 1849-இல் எடுத்துச் சொன்னவர் தியோடோர் கேன்டர் என்ற டேனிஷ் மருத்துவர். அவருக்கு அது கிடைத்த இடம் நம் பினாங்கு. புக்னாக்ஸ் என்றால் சண்டைக்காரன் என்று பொருள். பாவம், அந்தச் சண்டைக்காரத் தகப்பன் தன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கிறது!

சீனி போத்தல்

தோம்பு வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் போத்தல், இரண்டு கோப்பைச் சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தென்னங்கள் ஏன் பிற்பகலில் பொங்குகிறது என்று தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், வேதியியல் பாடமே நடத்துவார்கள். அதே வேலைதான். 100 கிராம் சீனி முழுதும் புளித்தால் சுமார் 50 கிராம் வாயு கிடைக்கும், மீதி சாராயம். நம் சூட்டில் ஈஸ்ட் ஆவேசமாக ஓடி ஒரு வாரம், பத்து நாளில் களைத்துவிடும். குமிழி குறைகிறதே என்று மேலும் ஈஸ்ட் போடாதீர்கள், அடுத்த தடவை ஈஸ்ட்டைக் குறைத்துப் போடுங்கள். கண்ணாடிப் போத்தல் கூடவே கூடாது, குழாய் அடைத்தால் வெடிக்கும். போத்தலுக்கும் தொட்டிக்கும் நடுவே பாதி தண்ணீர் ஊற்றிய சிறு போத்தல் ஒன்று வைத்தால், பொங்கி வரும் கசடு அதில் தங்கிவிடும். இதற்குச் சோலினாய்டு போட்டு இரவில் அடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இரவில் குழாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவிட்டால் போதும்.

வாயுவே வேண்டாத செடிகளும் உண்டு. ஜாவா பெரணி, ஜாவா பாசி, மலாயாக் காட்டு ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரின் ஆகியவை குறைந்த வெளிச்சத்தில் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். ஹைட்ரில்லா தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கிரிப்டோகோரினைத் தொட்டி மாற்றி நட்டால் ஒரே வாரத்தில் இலையெல்லாம் கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் மண்ணுக்குள் இருக்கிறது. சில வாரத்தில் புது இலை விடும்.